வீட்டுக்கு வந்த அளவியல் பெட்டி: கருவிகளை வாங்கலாம், கையேட்டை மூடி வைக்கலாம்

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகளுக்காக, மார்ச் பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய வாரம், இணையக் கடை ஒன்றில் 96 வெள்ளி கொடுத்து ஓர் அளவியல் பயிற்சிப் பெட்டியை வாங்கினேன். இதே பெட்டி வேறு வேறு முத்திரைகளோடு வேறு வேறு விலைக்கு விற்கப்படுவதைப் பின்னர்தான் கவனித்தேன். ஆகவே விற்பவரின் பெயரை விட்டுவிட்டு, பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் சிங்கப்பூரின் துவாஸில் உலோக உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நுண்ணிய தடிப்புகளை அளக்கும் திருகுக் கருவியான மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்காத வேலைநாள் எனக்கு அமைந்ததில்லை. அதனால் கருவிகளைப் பற்றிய பகுதி சற்று நீண்டுவிட்டால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கியதற்குக் காரணம் எளியது. 2027-இல் ஓ-லெவல் என்ற பெயர் மறைந்து எஸ்இசி (உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்) தேர்வு வருகிறது. அதை முதலில் எழுதப்போகும் மாணவர்களில் என் மகளும் ஒருத்தி. பெயர் மாறினாலும் செய்முறைத் தேர்வு மாறிவிடப் போவதில்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் குழுவாகச் சோதனை செய்யும்போது ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, மற்றவர் வேடிக்கை பார்ப்பது வழக்கம் என்றும், தான் பெரும்பாலும் எழுதுகிறவளாகவே இருப்பதாகவும் அவள் சொன்னாள். எழுத்து அழகாக இருப்பதன் தண்டனை அது. கருவியைத் தொடாமலே இரண்டு ஆண்டுகள் ஓடிவிடக்கூடும் என்று தோன்றியதால், துணைப்பாட வகுப்பின் இரண்டு மாதக் கட்டணத்தைவிடக் குறைவான இந்தப் பெட்டியை வாங்கினேன்.

பெட்டியில் இருப்பவை: 0.05 மி.மீ. வரை படிக்கக்கூடிய உலோக வெர்னியர் அளவுகோல், 25 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டர், 200 கிராம் வரை நிறுக்கும் சிறிய மின்னணுத் தராசு, அதற்கு ஒரு 100 கிராம் எடைக்கல், நிறுத்துக் கடிகாரம், 50 மில்லிலிட்டர் அளவுக் குவளை, சிவப்புச் சாராயம் நிரப்பிய வெப்பமானி, வில் தராசு, ஒரு மீட்டர் மர அளவுகோல், பித்தளைக் குண்டு, நூல், ஒரு தாங்கி. இவற்றோடு எழுபது பக்க ஆங்கிலக் கையேடு ஒன்றும் உண்டு. வில் தராசும் அளவுக் குவளையும் சொல்வதற்கு ஒன்றுமில்லாத அளவுக்குச் சரியாக இருந்தன. மர அளவுகோலின் முனை சற்று மழுங்கியிருந்தது, 1 செ.மீ. கோட்டிலிருந்து அளக்கத் தொடங்கினால் போதும்.

மைக்ரோமீட்டரிலிருந்து தொடங்குகிறேன். ஒரு சுற்றில் திருகு நகரும் புரியிடைத் தூரம் 0.5 மி.மீ., சுழலும் தலைக்கோலில் 50 பிரிவுகள், ஆகவே கருவியால் படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவான மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்ற வழக்கமான அமைப்புத்தான். இரு முகங்களையும் துடைத்து, எதையும் வைக்காமல் மூடிப் பார்த்தபோது, தலைக்கோலின் சுழிக்கோடு நிற்க வேண்டிய இடத்தில் நான்காவது கோடு நின்றது. புதுக்கோட்டையில் தமிழ் வழியில் படித்த எனக்கு அது சுழிப்பிழை; என் மகளுக்கு ஸீரோ எரர். பெயர் எதுவானாலும் மதிப்பு +0.04 மி.மீ. புதிய கருவியில் இப்படி இருக்கலாமா என்று அவள் முகம் சுருங்கிவிட்டது. திருப்பி அனுப்பிவிடலாம் என்றாள். நான் சம்மதிக்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில் எந்த மைக்ரோமீட்டரும் காலையில் அளவுக்கட்டையோடு (நீளம் துல்லியமாகத் தெரிந்த உலோகக் கட்டை) ஒப்பிட்டுப் பார்க்கப்படாமல் வேலைக்குப் போவதில்லை. அங்கே பிழையே இல்லாத கருவி என்று ஒன்றை யாரும் எதிர்பார்ப்பதில்லை, பிழை எவ்வளவு என்று தெரிந்த கருவியைத்தான் எதிர்பார்க்கிறோம்.

அந்த 0.04-ஐக் கழிப்பது பாடப்புத்தகத்தில் ஒரு மதிப்பெண் சமாச்சாரம். அதன் கனம் என்ன என்பது அச்சிடும் தாளை அளந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. ஒரே ஒரு தாளை வைத்து மூடியபோது கருவி 0.14 மி.மீ. காட்டியது, கழித்தால் 0.10. கழிக்க மறந்திருந்தால் விடை நாற்பது விழுக்காடு கூடியிருக்கும். பிறகு ஐம்பது தாள்களைச் சேர்த்து அளந்தோம்: 5.24, கழித்தால் 5.20, ஐம்பதால் வகுத்தால் தாள் ஒன்றுக்கு 0.104 மி.மீ. இங்கே கழிக்க மறந்தாலும் பிழை ஒரு விழுக்காட்டுக்குள்தான். ஒன்றை அளப்பதைவிடப் பலவற்றைச் சேர்த்து அளந்து வகுப்பது ஏன் நல்லது என்று கையேடு எங்கும் விளக்கவில்லை. ஒரு தாளும் கோணலான ஒரு மைக்ரோமீட்டரும் அதைப் பத்து நிமிடத்தில் விளக்கிவிட்டன.

இக்கருவியில் எனக்குள்ள உண்மையான குறை அதன் பற்சக்கரப் பிடி. நல்ல மைக்ரோமீட்டரில் பொருளை முகங்கள் தொட்டதும் பிடி வழுக்கி, இரண்டு மூன்று முறை ‘டிக்’ என்று கேட்கும். யார் திருகினாலும் ஒரே அழுத்தம் விழுவதற்கான ஏற்பாடு அது. இதில் சில நேரம் வழுக்குகிறது, சில நேரம் இறுகிவிடுகிறது. என் மகள் மெதுவாகவும் நான் வழக்கமான வேகத்திலும் திருகியபோது, ஒரே பொருளுக்கு 0.02 மி.மீ. வேறுபாடு வந்தது. தேர்வுப் பயிற்சிக்கு இது இடையூறு அல்ல. ஆனால் இரண்டாவது தசம இலக்கத்தை நம்பி எதையும் முடிவு செய்துவிட வேண்டாம்.

வெர்னியர் அளவுகோல் பெட்டியிலேயே சிறந்த பொருள். தாடைகளை மூடி விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன். இடையில் ஒளி கசியவில்லை. இருபது காசு நாணயத்தை அளந்து சரிபார்த்தோம். 2013-இல் வந்த மூன்றாம் வரிசை நாணயங்களின் அளவுகள் வெளியிடப்பட்டவை என்பதால், வீட்டில் கிடைக்கும் மலிவான ஒப்பீட்டுப் பொருள் அவைதாம்: இருபது காசின் விட்டம் 21.00 மி.மீ., எடை 3.85 கிராம். வெர்னியரில் 21.00 வந்தது, மைக்ரோமீட்டரில் 21.03, கழித்தால் 20.99. எங்கள் துறையில் நீள அளவுகள் எல்லாம் 20 பாகை செல்சியஸில் உள்ளபடி சொல்லப்படுவது மரபு. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், மதிய வேளையில், அறையின் வெப்பம் 30 பாகை. எஃகு நாணயம் அதனால் விரிந்திருக்குமே என்று நான் சொன்னதும் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள்: பத்துப் பாகைக்கு 0.0024 மி.மீ. அளவு. நம் கையிலுள்ள கருவியால் அதைப் பார்க்கவே முடியாது. பார்க்க முடியாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பதையும் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பிடித்த பாடம்.

மின்னணுத் தராசைப் பற்றிக் கடையின் விளம்பரம் ‘0.01 கிராம் துல்லியம்’ என்கிறது. அந்தச் சொல் தவறு. 0.01 கிராம் என்பது திரையில் தெரியும் மிகச் சிறிய படி மட்டுமே. காட்டும் எண் உண்மையான எடைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது வேறு விஷயம். முதல் நாள் இருபது காசை வைத்தபோது எண் 3.81-க்கும் 3.89-க்கும் இடையே ஓயாமல் ஆடியது. தராசு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் தறுவாயில், மேலே சுழலும் மின்விசிறியை என் மனைவி நிறுத்தினார். எண் 3.84-இல் வந்து நின்றது. அதன்பின் நிறுக்கும்போதெல்லாம் விசிறியை நிறுத்திவிட்டு வியர்வை வழிய உட்கார்ந்திருந்தோம். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடினாலே போதும் என்று மூன்றாம் நாள்தான் மூளைக்கு எட்டியது. விசிறிக் காற்றால் எண் இரு பக்கமும் ஆடுவது ஒழுங்கற்ற பிழை; பலமுறை எடை பார்த்துச் சராசரி எடுத்தால் அது தணியும். மைக்ரோமீட்டரின் +0.04 அப்படியன்று, நூறு முறை அளந்தாலும் நூறு முறையும் அதே பக்கம் அதே அளவு தள்ளியிருக்கும். கையேட்டில் இவ்விரண்டுக்கும் அரைப் பக்க வரையறை இருக்கிறது, ஆனால் கையில் இருக்கும் கருவிகளில் எது எதற்கு உதாரணம் என்று ஒரு வரிகூட இல்லை.

தராசோடு வந்த 100 கிராம் எடைக்கல்லுக்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது. தேக்கா சந்தையில் மீன் நிறுக்கும் தராசில்கூட, அரசின் எடை அளவை முறைப்படி சரிபார்க்கப்பட்டதைக் காட்டும் ‘அக்குரசி’ ஒட்டுவில்லை இருக்கும். எங்கள் தொழிற்சாலையின் அளவுக்கட்டைகளுக்குப் பின்னால் ஒரு சான்றிதழ்ச் சங்கிலியே உண்டு. அது ஏ-ஸ்டார் அமைப்பின் தேசிய அளவியல் நிலையத்தில் பேணப்படும் நாட்டின் அளவுத்தரம் வரை போகும். அந்தச் சங்கிலி இல்லாத எடைக்கல், தன்னை 100 கிராம் என்று தானே சொல்லிக்கொள்கிறது, அவ்வளவுதான். 2019 மே 20 வரை உலகத்துக் கிலோகிராமே பாரிஸுக்கு அருகில் ஒரு பெட்டகத்தில் பூட்டி வைத்த பிளாட்டினம்-இரிடியம் உருளையாகத்தான் இருந்தது. இப்போது அது பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் மாறாத ஓர் எண்ணை வைத்து வரையறுக்கப்படுகிறது. இதை மகளிடம் சொன்னபோது, அந்த உருளையின் எடை குறைந்தால் யார் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டாள். வரையறையின்படி அதன் எடை குறையவே முடியாது, மற்ற எல்லாப் பொருளின் எடையும் கூடிவிட்டதாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்றேன். சிரித்துவிட்டாள், ஆனால் வரையறையை மாற்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிறுத்துக் கடிகாரம் வினாடியின் நூறில் ஒரு பங்கைக் காட்டுகிறது. அழுத்துகிற விரலுக்கு அந்தத் திறமை கிடையாது. ஒருவர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் விட, மற்றவர் அதை விரல்களால் பிடிக்கும் சோதனையைச் செய்தோம். அவள் 17 செ.மீ. விழுந்ததும் பிடித்தாள், நான் 24 செ.மீ. கடந்த பிறகு. கணக்கிட்டால் அவளுக்கு ஏறத்தாழ 0.19 வினாடி, எனக்கு 0.22. ஆகவே கடிகாரத்தின் கடைசி இலக்கம் வெறும் அலங்காரம். ஊசலின் ஓர் அலைவை மட்டும் அளக்காமல் இருபது அலைவுகளைச் சேர்த்து அளந்து வகுப்பதன் காரணமும் இதுதான்: விரலின் தாமதம் இருபதாகப் பங்கிடப்பட்டுவிடுகிறது. தாளை அளந்ததும் ஊசலை அளந்ததும் ஒரே உத்தி என்பதை அவளே கண்டுகொண்டாள்.

வெப்பமானியில் மட்டும்தான் மனக்கசப்பு. பெட்டியைத் திறந்தபோதே அதன் சிவப்பு நிரல் இரண்டு இடங்களில் அறுந்து, நடுவில் காற்றிடைவெளியோடு இருந்தது. கடைக்குப் படம் அனுப்பினேன். மூன்று நாள் கழித்து, ‘நன்றாக உதறுங்கள்’ என்று ஒரு வரி பதில் வந்தது. உதறினேன், இரண்டு இடைவெளி மூன்றானது. மாற்றித் தரும்படி கேட்டதற்கு, கண்ணாடிப் பொருள்களுக்கு மாற்று இல்லை என்றார்கள். அந்த விதி வாங்கும் பக்கத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. கடைசியில் பனிக்கட்டியை நொறுக்கி உப்பைக் கலந்து, அதில் குமிழை மட்டும் அமிழ்த்தி வைத்தேன். குளிரில் சாராயம் சுருங்கிக் குமிழுக்குள் முழுதாக இறங்கியதும் இடைவெளிகள் மறைந்தன. பிறகு நிமிர்த்திப் பிடித்து மெதுவாக அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தோம். சரியான பிறகு சோதித்தால், உருகும் பனியில் 1 பாகையும் கொதிக்கும் நீரில் 101 பாகையும் காட்டுகிறது. இரு முனையிலும் ஒரே அளவு தள்ளியிருப்பதால் ஒரு பாகையைக் கழித்துப் பயன்படுத்திக்கொள்கிறோம். கருவி பிழைத்தது, கடையின் சேவையைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஏதுமில்லை.

இனி கையேடு. இப்பெட்டியின் மிகப் பெரிய குறை இதுதான், அதனால் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கையேட்டின் இருபத்திரண்டு சோதனைகளும் ஒரே அச்சில் வார்த்தவை: நோக்கம், கருவிகள், செய்முறை. ஒவ்வொன்றின் தலைப்புக்குக் கீழேயும், செய்முறை தொடங்குவதற்கு முன்பே, மஞ்சள் கட்டத்தில் ‘எதிர்பார்க்கும் விடை’ பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. மாணவர் ஊக்கம் இழக்காமல் இருக்க நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடாக இருக்கலாம். விளைவு வேறாக இருந்தது.

ஊசலின் நீளத்தையும் அலைவு நேரத்தையும் அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் சோதனையை மகள் நான் வேலைக்குப் போயிருந்த நாளில் தனியாகச் செய்தாள். மஞ்சள் கட்டத்தில் புவியீர்ப்பு முடுக்கம் 9.81 என்று இருந்தது. மாலையில் அவளுடைய குறிப்பேட்டைப் பார்த்தேன். இருபது அலைவுகளுக்கு மூன்று அளவீடுகள்: 35.64, 35.67, 35.66 வினாடி. விடை 9.81. அழகான கையெழுத்து, கீழே இரட்டைக் கோடு. கையால் அழுத்தும் கடிகாரத்தில் மூன்று முறை 0.03 வினாடிக்குள் ஒத்துப்போவது நடக்காத காரியம் என்பது, முந்தைய நாள்தான் அளவுகோலைப் பிடித்து விளையாடிய எங்கள் இருவருக்குமே தெரியும். நான் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“அப்பா, முதல்ல 9.65 வந்துச்சு. புத்தகத்துல 9.81ன்னு போட்டிருக்கு. நான்தான் எங்கயோ தப்பு பண்ணிருக்கேன்னு நெனச்சேன்” என்றாள்.

தப்பு இருந்தது உண்மைதான், ஆனால் அது கடிகாரத்தில் இல்லை. ஊசலின் நீளத்தை நூல் தொங்கும் இடத்திலிருந்து குண்டின் மேல்முனை வரை அளந்து 79.0 செ.மீ. என்று எழுதியிருந்தாள், குண்டின் மையம் வரை அளந்திருக்க வேண்டும். வெர்னியரை எடுத்துக் குண்டை அளந்தாள்: விட்டம் 2 செ.மீ. ஆக நீளம் 80.0. மீண்டும் ஐந்து முறை நேரம் எடுத்தோம்: 35.91, 36.12, 35.78, 36.03, 35.94. சராசரி 35.96, முடுக்கம் 9.77. சரியான எண்களைத் திருத்தித் தவறான நீளத்தைக் காப்பாற்றியிருந்தாள் என்பதை அவளே பார்த்தாள். 9.65 என்ற ‘தவறான’ விடையை அப்படியே வைத்திருந்தால், அதுவே குண்டின் பக்கம் கைகாட்டியிருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கையேட்டின் 9.81 நடு அகலாங்குகளுக்குப் பொருந்தும் மதிப்பு. பூமி சுழல்வதாலும், நடுக்கோட்டில் சற்றே புடைத்திருப்பதாலும், நடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.78தான். 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ஷான் ரிஷே, பாரிஸில் சரிபார்த்த ஊசல் கடிகாரத்தைத் நடுக்கோட்டை ஒட்டிய தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனபோது, ஈர்ப்பு குறைந்ததால் ஊசல் மெதுவாக ஆடி, அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. அவர் கடிகாரத்தின் கணக்கைப் பாரிஸுக்கு ஏற்பத் திருத்தி எழுதாமல், கண்டதைப் பதிவு செய்தார்; பூமி முழு உருண்டை அல்ல என்று பிற்பாடு நியூட்டன் வாதிட்டபோது அந்தப் பதிவு கைகொடுத்தது.

அப்படியானால் எங்களுக்கு வந்த 9.77 கையேட்டைத் தோற்கடித்துவிட்டதா? மகள் அப்படித்தான் துள்ளினாள்; அவளை அடக்க வேண்டியதாயிற்று. எங்கள் ஐந்து நேரங்களும் சராசரியிலிருந்து இரு பக்கமும் 0.18 வினாடி வரை சிதறியிருக்கின்றன. நேரத்தில் அரை விழுக்காடு தடுமாற்றம் என்றால், நேரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் விடையில் அது ஒரு விழுக்காடு. ஆக நாங்கள் நேர்மையாகச் சொல்லக்கூடியது 9.8, கூடவோ குறையவோ 0.1. அதற்குள் 9.78-உம் இருக்கிறது, 9.81-உம் இருக்கிறது, வினாத்தாளில் வசதிக்காகக் கொடுக்கும் 10 மட்டும்தான் வெளியே நிற்கிறது. கணிப்பான் எட்டு இலக்கம் காட்டினாலும் இரண்டு இலக்கத்தோடு நிறுத்துவதற்கு முக்கிய எண்ணுருக்கள் என்று பாடத்தில் பெயர். தேர்வில் அது ஒரு விதி. இங்கே, நமக்குத் தெரிந்தது எவ்வளவு என்ற ஒப்புதல்.

அச்சிட்ட விடையின் இழுப்பு பள்ளிப் பிள்ளைகளை மட்டும் பிடிப்பதில்லை. எண்ணெய்த்துளிச் சோதனையால் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து, 1923-இல் நோபெல் பரிசு பெற்ற அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன், காற்றின் பாகுநிலைக்கு (துளியின் ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை) சற்றுத் தவறான மதிப்பைப் பயன்படுத்தியதால் அவருடைய விடை கொஞ்சம் குறைவாக இருந்தது. பின்னால் வந்தவர்களின் விடைகள் ஒரே தாவில் சரியான மதிப்புக்குப் போகாமல், படிப்படியாகவே ஏறின என்பதை 1974-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆற்றிய உரையில் இயற்பியலாளர் ஃபெயின்மன் சுட்டிக்காட்டினார். மில்லிகனிடமிருந்து அதிகம் விலகிய விடை வந்தால் பிழையைத் தேடினார்கள், ஒத்துப்போனால் தேடவில்லை என்பது அவர் சொன்ன விளக்கம். என் மகள் சமையலறை மேசையில் செய்ததும் அதே வேலைதான். இந்தக் கையேடு அதை இருபத்திரண்டு முறை செய்யச் சொல்லிக்கொடுக்கிறது.

கையேட்டின் மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருதுகோள் எழுதுவதற்கு ‘என் கருதுகோள் சரி, ஏனெனில்…’ என்று தொடங்கும் கோடிட்ட இடம் மட்டுமே உள்ளது. தவறாகிப்போன கருதுகோளை எழுத இடமே இல்லை. ஒரே மதிப்பைத் திரும்பத் திரும்பத் தரும் கருவிக்கும், உண்மை மதிப்புக்கு அருகில் தரும் கருவிக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறது. தமிழ்ப் பாடநூலில் முன்னதை நுட்பம் என்றும் பின்னதைத் துல்லியத்தன்மை என்றும் பிரித்துப் படித்திருக்கிறேன். திருத்தாத மைக்ரோமீட்டர் நுட்பமானது, ஆனால் துல்லியமற்றது. அளவுக் குவளையில் நீரின் பிறைத்தளத்தை (வளைந்த மேற்பரப்பை) கண்மட்டத்தில் வைத்து அடிப்பகுதியைப் படிக்க வேண்டும் என்பதற்கான படம் மட்டும் மிக நன்றாக வரையப்பட்டிருக்கிறது.

கையேட்டை ஒதுக்கிவிட்டுச் செய்த ஒரே சோதனை, எங்கள் வீட்டில் நடந்ததிலேயே நல்ல சோதனை. மாலைத் தேநீர் எவர்சில்வர் டம்ளரில் சீக்கிரம் ஆறுமா, காகிதக் குவளையிலா என்று என் மனைவி கேட்டார். டம்ளரில்தான், உலோகம் வெப்பத்தைக் கடத்தும் என்றாள் மகள், அதுவே கருதுகோள். இரண்டிலும் 100 மில்லிலிட்டர், தொடக்கம் 80 பாகை, பத்து நிமிடம், விசிறி நிறுத்தம். மூடியோடும் மூடியில்லாமலும் செய்து பார்க்கலாம் என்று அவளுக்கே தோன்றியது. திறந்த டம்ளர் 58, திறந்த காகிதக் குவளை 60. மூடிய டம்ளர் 65, மூடிய குவளை 67. பாத்திரம் எது என்பதால் வந்த வேறுபாடு இரண்டே பாகை. மூடி இருப்பதாலோ ஏழு பாகை. ஆவியாகித்தான் வெப்பத்தின் பெரும்பங்கு போகிறது போலும். ஒரு பாகை வரை தடுமாறும் வெப்பமானியில் அந்த இரண்டு பாகையை நம்பலாமா என்று, ஞாயிற்றுக்கிழமை மேலும் மூன்று முறை தேநீர் போட்டாள். ஒருமுறை வேறுபாடு பூச்சியமாகவும் வந்தது. அதையும் குறிப்பேட்டில் அப்படியே எழுதினாள். பழைய 35.66-களை அழிப்பான் போட்டு அழிக்காமல், ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதி வைத்திருப்பதையும் அன்றுதான் பார்த்தேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: உயர்நிலை இரண்டுக்கு மேல் படிக்கும் பிள்ளை இருந்தால், வெர்னியருக்கும் மைக்ரோமீட்டருக்கும் தராசுக்கும் மட்டுமே 96 வெள்ளி தகும். தனித்தனியாக வாங்கினால் கூடுதலாகும். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு வேண்டாம்; மைக்ரோமீட்டரை இறுக்கிக் கெடுத்துவிடுவார்கள். பெட்டி வந்த அன்றே வெப்பமானியைப் பிரித்துப் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். கையேட்டின் மஞ்சள் கட்டங்கள் மேல் ஒட்டுத்தாளை ஒட்டிவிடுங்கள். நாங்கள் இருபத்திரண்டும் ஒட்டினோம், சோதனை முடிந்த பிறகே ஒவ்வொன்றாகப் பிரிக்கிறோம். நிறுத்துக் கடிகாரத்துக்கும் தராசுக்கும் மின்கலம் பெட்டியில் வராது, தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். மைக்ரோமீட்டரின் சட்டத்தில் +0.04 என்று தேதியோடு ஒரு சிறு தாளை மகள் ஒட்டியிருக்கிறாள். உங்களுக்கு வரும் கருவியில் அந்த எண் வேறாக இருக்கும், மூடிப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.